பழிவாங்க வரல, திரும்பி வந்துச்சு

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல நீலகிரி செய்தி வர்ற பக்கத்துல "பழிவாங்கிய காட்டு யானை"ன்னு கொட்ட எழுத்துல ஒரு தலைப்பு போட்டிருந்தீங்க, அதுக்கு கீழ "ஏற்கனவே விரட்டியடித்ததால் ஆத்திரத்தில் இருந்த யானை காத்திருந்து தாக்கியது"ன்னு ரெண்டு வரி. ஆன அடிச்சு எங்க ஊர் பால்காரர் ஒருத்தர் செத்துப்போன செய்தி அது, அந்த தலைப்ப பத்தி தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா செத்துப்போனவரோட சம்சாரம் சொன்னத மட்டும் வெட்டிராதீங்க.

நான் பந்தலூர் தாலுக்கால ரோட்டோரமா டீக்கடை வச்சிருக்கேன். பேப்பர் கட்டு காலைல பஸ்ல வரும், பிரிச்சு பெஞ்சு மேல போட்டா போதும், கொழுந்து பறிக்க போற பொம்பளைங்க, ஜீப் டிரைவருங்க, ரேசன் கடைக்கு வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்குவாங்க. பாதி பேருக்கு கண்ணாடி இருக்காது, அதனால ஒருத்தர் தலைப்ப மட்டும் சத்தமா படிப்பாரு, மத்தவங்க டீய ஊதிக்கிட்டே கேப்பாங்க. கீழ இருக்கற செய்திய யாரும் படிக்கறது இல்ல சார், இத நான் குத்தமா சொல்லல, நெசத்த சொல்றேன். எங்க ஊர்ல செய்தின்னா தலைப்பு தான். அதுனால நீங்க அங்க போடுற ஒத்த வார்த்தை என்ன வேல பண்ணுதுன்னு ஆபீஸ்ல இருக்கற உங்களுக்கு தெரியாது, கல்லா பக்கத்துல நிக்கிற எனக்கு தெரியும்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, "பழிவாங்கிய யானை"ன்னு படிச்ச அடுத்த நிமிசமே ஒருத்தர் சொன்னாரு, "அப்ப இவன் அதுக்கு என்னமோ பண்ணிருக்கான்யா, இல்லாட்டி ஏன் இவன மட்டும்?" அவ்வளவு தான். மத்தியானத்துக்குள்ள அது "கல்லெறிஞ்சிருக்கான்"னு ஆச்சு, சாயங்காலம் ஜீப்புல வந்தவங்க "பட்டாச கொளுத்தி மேல போட்டானாம்ல"ன்னு கேட்டாங்க, மறுநாள் ஒரு ஆள் வந்து வாழத்தோட்டத்துல கரண்ட் வச்சாராமேன்னு என்கிட்டயே வெவரம் கேக்குறாரு. செத்துப்போன மனுசன் வச்சிருந்தது மூணு மாடு, தோட்டமே கெடையாது. விடியக்காலைல பனில பால் கேன தூக்கிட்டு சொசைட்டிக்கு நடந்து போனவரு, வளைவுல ஆன நின்னது கண்ணுக்கு தெரியல, ஆனைக்கும் இவரு வர்றது தெரியல போல. காரியம் முடிஞ்சு அவரு சம்சாரம் கடைக்கு சீனி வாங்க வந்தா, சீனி கேக்கல, என்னய பாத்து மொதல்ல சொன்னது இது தான், "அக்கா, அவரு ஆனைய ஒண்ணுமே பண்ணலக்கா, பால் ஊத்த தான்க்கா போனாரு." யாரும் அவள கேக்கல அப்ப. கேட்டு கேட்டு பழகிப்போய் அவளாவே சொல்றா.

அய்யா, இதுக்கு நீங்க தான் பதில் சொல்லணும். பழி வாங்கணும்னா மொதல்ல அங்க ஒரு பழி இருக்கணும்ல? சும்மா போற வழியில அடிச்சவன யாரும் பழி வாங்குனான்னு சொல்ல மாட்டோம். முன்னாடி எவனோ எதையோ பண்ணிருக்கணும், அத மனசுல வச்சிருந்து அதே ஆள தேடி வந்து திருப்பி பண்ணணும், அப்ப தான் அது பழிவாங்கல். அப்போ நீங்க "ஆன பழி வாங்குச்சு"ன்னு எழுதுனா அது ஆனைய திட்டுற மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள செத்தவன் மேல தான் பழிய போடுது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிட்டீங்க. வாய் பேச முடியாத ரெண்டு பேரு, ஒருத்தரு பொதகுழில, இன்னொன்னு காட்டுக்குள்ள, ரெண்டு பேரும் மறுப்பு தெரிவிச்சு லெட்டர் போட மாட்டாங்கன்ற தைரியம் தான.

இந்த பழின்ற வார்த்தைய நாம வீட்ல எப்படி எல்லாம் பொழங்குறோம்னு பாருங்க. "என் மேல பழி போடாத", "அவ பழிய இவ சொமக்குறா", "பழி பாவத்துக்கு பயந்தவன்", இதுல எல்லாம் குத்தம், கெட்ட பேரு, அது தான் அர்த்தம். வாங்கு, எடு, தீரு, இதுல ஏதாவது ஒண்ண சேத்தா தான் அது வெட்டு குத்துன்னு மாறுது. அப்புறம் இன்னொன்னு இருக்கு, "ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு நாளா பழியா கெடந்தோம்"னு சொல்றோம்ல, எந்திரிக்காம ஒரே எடத்துல பிடிவாதமா கெடக்கறது. சத்தியமா சொல்றேன், ஆனைக்கு ஏத்த பழி இது ஒண்ணு தான். பலாப்பழ சீசன்ல எங்க லைன் வீட்டு (தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டுன வீடு) பின்னாடி அது பழியா தான் கெடக்கும், தகரத்த தட்டுனாலும் போகாது, டார்ச் அடிச்சாலும் போகாது, பழம் தீந்தா தானா போயிரும். வேணும்னா "பலா மரத்தடியில் பழியாய்க் கிடந்த யானை"ன்னு போடுங்க, எங்க கடைல ஒருத்தன் கூட தப்பு சொல்ல மாட்டான்.

உங்க பேப்பர்லயே இது பக்கத்துக்கு பக்கம் மாறுது, கவனிச்சிருக்கீங்களா தெரியல. அரசியல் பக்கத்துல ஒருத்தர் பேசுனா இன்னொருத்தர் "பதிலடி". கிரிக்கெட் பக்கத்துல போன மேட்ச்ல தோத்ததுக்கு இந்த மேட்ச்ல ஜெயிச்சா "பழிதீர்த்தது இந்தியா". வெட்டு கேஸ்னா "முன்விரோதம்". யூனியன்காரங்க அறிக்கை விட்டா டிரான்ஸ்பர் எல்லாம் "பழிவாங்கும் நடவடிக்கை". சின்ன பசங்க போன்ல டைப் பண்றது வன்மம், "வன்மத்த கக்குறான்"னு. எல்லாம் சரி, அது எல்லாம் மனுசனுக்கு மனுசன், கேட்டா பதில் சொல்றதுக்கு ஆள் இருக்கு. கிரிக்கெட்ல பழிதீத்தா யார் வீட்லயும் எழவு விழறதில்ல. அதே வார்த்தைய தூக்கி காட்டுல வச்சா தான் வில்லங்கம். காட்டுக்குன்னு நீங்க தனியா ஒரு டப்பா நெறைய வார்த்தை வேற வச்சிருக்கீங்க, அட்டகாசம், அட்டூழியம், வெறியாட்டம், புலியா இருந்தா "வனத்துறைக்கு போக்கு காட்டும்". அது பாட்டுக்கு பொதருக்குள்ள படுத்து தூங்கிருக்கும், அது யாருக்கு சார் போக்கு காட்டுச்சு.

பேச்சுத் தமிழ்ல இன்னொரு கூத்து இருக்கு, "வாங்குனத திருப்பி குடுத்துட்டான்"னு சொன்னா கடன அடைச்சுட்டானா இல்ல கன்னத்துல ஒண்ணு விட்டானான்னு சொல்ற ஆளோட மொகத்த பாத்தா தான் தெரியும். ரெண்டுமே நமக்கு கணக்கு தீக்கறது தான். ஆன விசயத்துலயும் இதே கொழப்பம் தான் நடக்குது, அது திரும்பி வருது, நாம திருப்பி குடுக்க வருதுன்னு படிக்கிறோம்.

திரும்பி வர்றத பத்தி கொஞ்சம் சொல்றேன், ஏன்னா எங்க ஊர் கதையே அது தான். 2022 டிசம்பர்ல எங்க பக்கம் ஒரு மக்னாவ மயக்க ஊசி போட்டு புடிச்சாங்க, கொம்பில்லாத ஆம்பள ஆன, வனத்துறை பேரு பிஎம் 2, ஊர்க்காரங்க வச்ச பேரு அரிசி ராஜா. வீட்டு செவுத்த ஒடச்சு அரிசிய தின்னு பழகுனது, அந்த வருசம் ஒரு பொம்பள உயிரும் போச்சு. கழுத்துல ரேடியோ காலர் மாட்டி முதுமலை காட்டுக்குள்ள கொண்டு போய் விட்டாங்க. அடுத்த மாசமே, 2023 ஜனவரில, அது கேரளால சுல்தான் பத்தேரி டவுனுக்குள்ள நடந்து வந்து நின்னுச்சு, அங்க மறுபடி புடிச்சு முத்தங்கா முகாமுக்கு கொண்டு போனாங்க. அப்ப கடைல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா, "புடிச்சு விட்டதுக்கு பழி வாங்க வருது"ன்னு. பத்தேரிக்காரங்க அதுக்கு என்ன பண்ணாங்க சார்? அங்க இருக்கற எவனும் அத புடிக்கலையே. அதுக்கு தெரிஞ்சது அரிசி வாசம், முதுமலைலயிருந்து வயநாட்டுக்கு காடு சேந்தாப்புல தான் இருக்கு, நடுவுல நாம போட்ட கோட்ட பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

சின்னத்தம்பின்ற ஆனைய மறந்திருக்க மாட்டீங்க. கோயம்புத்தூர் தடாகம் பக்கம் 2019 ஜனவரில புடிச்சு டாப்சிலிப் கிட்ட விட்டாங்க, அது காட்டுல நிக்காம கீழ எறங்கி உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புக்காட்டுல வந்து நின்னுச்சு, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் நடை. பிப்ரவரில மறுபடி புடிச்சாங்க. அத பாத்து யாரும் பழின்னு சொல்லல, அழுதாங்க, வீட்ட தேடி வருதுன்னு சொன்னாங்க. அதுவும் கூட கொஞ்சம் ஓவர் தான், ஆனா பாருங்க, அதே நடைய ஆள் சாகலன்னா பாசம்ங்கறோம், ஆள் செத்தா பழிங்கறோம். ஆன மாறவே இல்ல. டைவர்சன் போர்டு வச்சாலும் பழைய ரூட்லயே வண்டிய விடுற லாரி டிரைவர் மாதிரி, அது அம்மா கூட சின்ன வயசுல நடந்த பாதைய விட்டுட்டு லேசுல வேற பாதைல போகாது.

இந்த பாதைக்கு வயசு என்னன்னு யோசிக்கணும். கூடலூர் பக்கம் ஓவேலின்னு சொல்றோமே, அது அவுட்டர்லோனின்ற வெள்ளக்காரன் பேரு தேஞ்சு வந்தது, 1840கள்ல அங்க காப்பி தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி அது முழுசா காடு. கீழ நிலம்பூர், அந்தாண்ட வயநாடு, மேல முதுமலை, மூணுக்கும் நடுவுல எங்க கூடலூரும் பந்தலூரும் உக்காந்திருக்கு. ஆன தேயிலைய திங்காது, ஆனா தேயிலைக்குள்ள தான் நடந்தாகணும், வேற வழிய நாம விடல. எங்க அப்பா இலங்கைலயிருந்து வந்தது 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல, எங்களுக்கு சர்க்கார் வச்ச பேரே "தாயகம் திரும்பியோர்". தாத்தன் காலத்துல போன எடத்துலயிருந்து மூட்ட முடிச்சோட திரும்பி வந்தோம், அரசு தேயிலை தோட்டத்துல லைன் வீடு குடுத்தாங்க, யாரும் எங்கள பாத்து பழி வாங்க வந்தவங்கன்னு தலைப்பு போடல.

சரி, ஆனைக்கு ஞாபகமே இல்லையா, கோவமே வராதான்னு கேப்பீங்க. அத நான் சொல்லல. ஞாபகம் நெறையவே இருக்கு. என் பொண்ணு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரில படிச்சவ, அவ சொன்ன ஒரு ஆராய்ச்சி, 2007ல வந்தது. கென்யால அம்போசெலின்னு ஒரு எடம், அங்க மாசாய்ன்ற மாடு மேய்க்கிற ஆளுங்க ஆனைய ஈட்டியால குத்துற வழக்கம் உள்ளவங்க, கம்பான்ற ஆளுங்க வெவசாயம் பண்றவங்க. ரெண்டு கூட்டமும் உடுத்திப்போட்ட துணிய தனித்தனியா ஆனைக மோப்பம் புடிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. மாசாய் துணி வாசம் பட்டதும் ஆனைக வேகமா ஓடி, ரொம்ப தூரம் போய், ஒசரமான புல்லுக்குள்ள நொழஞ்ச பெறகு தான் நின்னுச்சாம். வாசமே இல்லாத செவப்பு துணிய காட்டுனா மட்டும் கொஞ்சம் மொறச்சுக்கிட்டு கோவம் காட்டிருக்கு. நல்லா கவனிங்க அய்யா, தன்ன குத்துறவன் யாருன்னு அதுக்கு தெரிஞ்சிருக்கு, வாசத்த வச்சே தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சும் அது பண்ணது ஓடுனது. பழி வாங்குறவன் வாசம் புடிச்சா கிட்ட வருவானா, தூரமா ஓடுவானா? கோவம் அந்த நேரத்து சமாச்சாரம், மதம் புடிச்ச நேரம் வேற இருக்கு, குட்டி கூட இருந்தா வேற. பழின்றது உக்காந்து திட்டம் போடுற வேல.

நம்ம ஊர்லயே பாருங்க. 2021 ஜனவரில மசினகுடி பக்கம் ஒரு ஆன மேல எரியிற டயர தூக்கி போட்டது ஊருக்கே தெரியும், வீடியோவே வந்துச்சு. தீ பத்துன தலையோட அது திரும்பி ஓடுச்சு. அந்த வீட்ட மிதிச்சு நாசம் பண்ணிருக்கலாம், அதுக்கு அந்த பலம் இருக்கு. காயத்தோட அலைஞ்சு, கடைசில சிகிச்சைக்கு தெப்பக்காடு ஆன முகாமுக்கு லாரில கொண்டு போற வழியில செத்துப்போச்சு. அப்ப எந்த பேப்பரும் "பழிவாங்காத யானை"ன்னு தலைப்பு போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

மூர்த்திய எடுத்துக்கோங்க. கேரளாலயும் எங்க கூடலூர் பக்கமும் சேத்து 20 பேருக்கு மேல கொன்ன ஆன, 1998ல புடிச்சாங்க. புடிக்கும்போது ஒடம்பெல்லாம் காயம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தான் வைத்தியம் பாத்தாரு, அவரு பேரயே அதுக்கும் வச்சுட்டாங்க. அதுக்கு அப்புறம் தெப்பக்காடு முகாம்ல அத பாத்தவங்க கிட்ட கேளுங்க, அது உசுரோட இருந்த வரைக்கும் பாகனோட புள்ளைங்க கால்ட்ட வெளயாடுனாங்க, ஒண்ணும் பண்ணல. மனசுல பழி வச்சிருந்த மிருகம்னா, சங்கிலியில கட்டி மரக்கூண்டுக்குள்ள அடச்சவன தான மொதல்ல கொல்லணும்? காயம் ஆறுச்சு, வயித்துக்கு கெடச்சுது, அடங்கிருச்சு. சேரம்பாடில 2020 கடைசில மூணு பேர் சாவுக்கு காரணமான சங்கர்ன்ற ஆன கூட 2021 பிப்ரவரில புடிபட்டு முகாம்ல தான் வளந்துச்சு. எங்க கடைல அன்னிக்கு அத சுடணும்னு கத்துனவங்களே பின்னால சுற்றுலா போய் போட்டோ எடுத்துட்டு வந்தாங்க, அது வேற கதை.

நம்ம ஜனங்களுக்கும் இதுல பங்கு இருக்கு, பேப்பர மட்டும் சொன்னா நியாயம் இல்ல. கொம்பேறிமூக்கன் பாம்பு கடிச்சா சுடுகாட்டு மரத்துல ஏறி நின்னு பொகை வருதான்னு பாத்துட்டு தான் எறங்கும்னு எங்க ஆயா சொல்லும், நாங்களும் நம்புனோம். அந்த பாம்புக்கு வெசமே கெடையாது, அது மரத்துல இருக்கறது பல்லி ஓணான் புடிக்க. பயத்துக்கு ஒரு காரணம் வேணும் மனுசனுக்கு, அதுக்கு தான் பழி. கோத்தகிரி பக்கம் கரடி கோயில் கதவ ஒடச்சு உள்ள போகுது, சாமி மேல அதுக்கு என்ன கோவம், வெளக்குக்கு வச்ச எண்ணெய நக்க போகுது. கரடிக்கு மட்டும் யாரும் பழின்னு சொல்றதில்ல, ஏன்னா எண்ணெ டின்னு காலியா கெடக்கறது கண்ணுக்கு தெரியுது. ஆன ஒரே வீட்ட ரெண்டாவது தடவ ஒடச்சா மட்டும் "அதே வீட்டை குறிவைத்து". எங்க பக்கத்து லைன்ல அப்படி ஒடஞ்ச வீட்ட நான் போய் பாத்தேன். முன்வாசல் அப்படியே இருக்கு, டிவி இருக்கு, கட்டில்ல போர்வ கூட கலையல. சமையகட்டு செவுத்துல மட்டும் ஆள் நொழையிற அளவு ஓட்ட, அதுக்கு நேரா உள்ள அரிசி மூட்ட வச்ச எடம், கிழிஞ்ச சாக்கு, செதறுன ரேசன் அரிசி, கல்லுப்பு சாடிய தூக்கி வெளிய போட்டு நக்கிருக்கு, செவுத்துல தும்பிக்க ஈரத்தோட சேறு. மொத தடவயும் அதே செவுரு தானாம். ரெண்டு தடவயும் மூட்ட அதே மூலைல தான் இருந்திருக்கு, வேற எங்க வைப்பாங்க, வீடே பத்துக்கு பத்து. ஒரு நாளைக்கு 150 கிலோ தின்னாகணும், ஒரு தடவ கெடச்ச எடத்துக்கு மறுபடி வருது. இதுல எங்க சார் இருக்கு பழி.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பேச்சான்னு கேக்கலாம். ஆனா அடுத்து நடக்கறத பாருங்க. பழின்னு படிச்ச ஊர் என்ன கேக்கும்? தண்டனை கேக்கும். சுடு, புடி, நாடு கடத்து. 1972 வன உயிரின சட்டத்துல 11வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஆன புலி மாதிரி மொதல் அட்டவணைல இருக்கற மிருகம் மனுச உயிருக்கு ஆபத்தா மாறிருச்சான்றது தான் அங்க முக்கியமான கேள்வி, ஆமான்னா தலைமை வன உயிரின காப்பாளர் காரணத்த எழுதி உத்தரவு போடணும், புடிக்கவோ வேற எடத்துல விடவோ முடியாதுன்னா தான் கொல்றத பத்தி பேச்சே. பழி வாங்குச்சா, குறி வச்சுச்சான்னு சட்டம் கேக்கவே இல்ல. டி 23ன்னு வனத்துறை நம்பர் போட்ட புலிய 2021ல மசினகுடி பக்கம் தேடுனப்ப சுட்டுருங்கன்னு எவ்வளவு சத்தம், கோர்ட் வரைக்கும் போச்சு, அக்டோபர்ல உசுரோட புடிச்சு மைசூருக்கு கொண்டு போனாங்க, பாத்தா காயம்பட்ட கெழட்டுப்புலி. ஆபத்தான ஆனைய புடிக்க வேண்டாம்னு நான் சொல்ல வரல, ஓவேலில ராதாகிருஷ்ணன்னு பேர் வச்ச ஆனைய 2025 செப்டம்பர்ல புடிச்சப்ப நிம்மதியா தூங்குனவங்கள எனக்கு தெரியும், நானும் அந்த பக்கம் சொந்தக்காரங்க உள்ளவ தான். புடிக்க வேண்டியத புடிக்கட்டும், ஆனா அது ஆபத்துன்றதுக்காக புடிக்கட்டும்.

ஒண்ண புடிச்சு கொண்டு போனா கணக்கு தீந்துச்சுன்னு எல்லாரும் வீட்டுக்கு போயிர்றாங்க பாருங்க, அது தான் எனக்கு வயித்தெரிச்சல். பால்காரர் செத்த அந்த வளைவுல லைட்டு இல்ல, இன்னிக்கும் இல்ல. உண்ணிச்செடி ரோட்டு மேல ரெண்டாள் ஒசரத்துக்கு சாஞ்சு கெடக்கு, அடுத்த பக்கம் ஆன நின்னாலும் தெரியாது, மாடு நின்னாலும் தெரியாது. எங்க தாலுக்கால நெறைய எடம், ஜமீன்தார் மாதிரி இருந்த பழைய ஜென்மிங்க நெலத்துக்குன்னு போட்ட 1969 ஜென்ம நில ஒழிப்பு சட்டத்துல 17வது பிரிவு நெலம், பட்டா பிரச்சன, கரண்ட் கனெக்சன் கேட்டா வருசக்கணக்கா இழுக்குது, கக்கூஸ் இல்லாத வீட்ல பொம்பளைங்க இருட்டுல பொதர் பக்கம் தான் போகணும். விடியக்காலைல பால் சொசைட்டி, ஏழு மணிக்கு தோட்டத்துல ஆஜர், ராத்திரி கடைசி பஸ்ஸ விட்டா நடை. ஆனயும் மனுசனும் ஒரே நேரத்துல ஒரே தடத்துல நடக்குறோம். இத எல்லாம் யாராச்சும் எழுதுனா, கேள்வி பஞ்சாயத்துக்கு போகும், மின்வாரியத்துக்கு போகும், தோட்ட நிர்வாகத்துக்கு போகும். பழிவாங்குச்சுன்னு எழுதுனா கேள்வி ஆனைக்கும் செத்தவனுக்கும் நடுவுல முடிஞ்சு போகுது, ஆபீசருங்களுக்கு எவ்வளவு சவுகரியம்.

அதனால உங்க நிருபர் தம்பிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு நல்ல பையன் தான், மழைலயும் பைக்ல வந்து நிப்பாரு, போட்டோ அனுப்புற அவசரத்துல தலைப்பு உங்க டெஸ்க்ல தான் போடுறாங்கன்னு அவரே ஒரு தடவ சொன்னாரு. இனிமே எங்க ஊர்ல ஆன அடிச்சு ஆள் செத்தா, எத்தன மணி, எந்த எடம், அங்க லைட்டு இருந்துச்சா, பொதர் வெட்டுனது எப்ப, அந்த ஆள் எதுக்காக அந்நேரம் நடந்து போனாரு, அன்னிக்கு ராத்திரி ஆன நடமாட்டம் இருக்குன்னு எஸ்எம்எஸ்ஸோ மைக்லயோ யாராச்சும் சொன்னாங்களா, இத்தனையும் கேட்டு எழுத சொல்லுங்க. தலைப்புக்கு எடம் பத்தலன்னா "யானை தாக்கி பால்காரர் பலி"ன்னு போட்டா போதும், அதுல எல்லாம் இருக்கு. பலான்னா காய்லயே எறக்கிருங்க, அரிசிய செவுத்து ஓரம் வைக்காதீங்கன்னு வனத்துறை சொல்றத சீசனுக்கு ஒரு தடவ கட்டம் கட்டி போடுங்க, கடைல நானே சத்தமா படிக்க சொல்றேன்.

அப்புறம், போன வார தலைப்புக்கு ஒரு திருத்தம் போடணும். உள்பக்கத்துல பொடி எழுத்துல வேண்டாம், அதே பக்கத்துல, அந்த மனுசன் ஆனைய எதுவும் பண்ணதா தகவல் இல்லன்னு ரெண்டு வரி. அந்த பொம்பளைக்கு பள்ளிக்கூடம் போற ரெண்டு புள்ளைங்க இருக்கு, அதுகளயும் கூட படிக்கிற பசங்க இதயே கேக்குறாங்களாம்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரி, பந்தலூர் வட்டம்
(பேர் போட வேண்டாம்)